புதுச்சத்திரத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

புதுச்சத்திரம் போகிறேன் என்று சொன்னால் சேலத்துக்காரர்கள் இரண்டு கேள்விதான் கேட்பார்கள். "அங்க யாருங்க இருக்காங்க?" என்பது முதல் கேள்வி. யாரும் இல்லை என்று சொன்னால், "அப்புறம் எதுக்குங்க?" என்பது இரண்டாவது. சும்மா ஊர் பார்க்கத்தான் என்றால் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கொல்லிமலை போங்க, நல்லாருக்கும்" என்பார்கள்.

கொல்லிமலை நல்லாத்தான் இருக்கும். எழுபது கொண்டை ஊசி வளைவு, ஆகாய கங்கை, அறப்பளீஸ்வரர், மிளகு, அன்னாசி, பலா. நாமக்கல்லும் நல்லாத்தான் இருக்கும். பதினெட்டடி ஆஞ்சநேயர், பாறையைக் குடைந்த நரசிம்மர், அதன் தலையில் ஒரு கோட்டை. இவற்றைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இந்த இடங்களுக்குப் போகிற வழியில், பஸ் ஜன்னலில் ஒரு நிமிடம் தெரிந்து மறைகிற ஊர் புதுச்சத்திரம். நானும் எத்தனையோ தடவை அப்படித்தான் கடந்திருக்கிறேன்.

என்னை அங்கே இறங்க வைத்தது பிரேசில். கிண்டல் இல்லை, நிஜமாகவே.

பிரேசில் என்றால் நமக்கு அமேசான் காடு, ரியோ கடற்கரை, பீலே. இவற்றுக்கு நடுவில் செராடோ என்று ஒரு பெரிய சமவெளி இருக்கிறது. சுமார் இருபது லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது இந்தியாவில் பாதிக்கும் மேல். செம்மண், புல்வெளி, தடித்த பட்டையோடு கோணல்மாணலாக நிற்கும் மரங்கள். பாதி வருடம் மழை, மீதி வருடம் காய்ச்சல். மரங்களின் வேர் ஆழமாகப் போவதால் அதைத் 'தலைகீழ்க் காடு' என்றுகூடச் சொல்வார்கள். 1960-ல் பிரசிலியா என்ற புதிய தலைநகரைக் கொண்டுபோய் வைத்தது இந்த மேட்டுநிலத்தில்தான். அங்கிருந்து சுமார் 150 கிலோமீட்டரில் பிரெனோபோலிஸ் என்று ஒரு சிற்றூர். 1727-ல் தங்கம் தேடி வந்தவர்கள் போட்ட ஊர். தங்கம் தீர்ந்துபோனது, இப்போது வார இறுதிச் சுற்றுலாக்காரர்களை வைத்து ஓடுகிறது.

இந்த மாதிரி செராடோ சிற்றூர்களுக்குப் போனவர்கள் எழுதுவதைப் படிப்பது எனக்கு ஒரு பழக்கம். அருவியையும் பழைய தேவாலயத்தையும் கழித்துவிட்டால் அவர்கள் எழுத்தில் மிஞ்சுவது நேர்கோடாகப் போகும் நெடுஞ்சாலை, லாரி, செம்மண் புழுதி, மாடு, கோழி, கிழங்கு மாவு. அட, இது நம்ம நாமக்கல் ரோடு ஆச்சே! விமான டிக்கெட் விலையைப் பார்த்தேன். பேசாமல் சேலம் புது பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

எந்தப் புதுச்சத்திரம்?

முதலில் ஓர் எச்சரிக்கை. ரயில்வே செயலியில் புதுச்சத்திரம் என்று தேடினால் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் உள்ள புதுச்சத்திரத்துக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்துவிடும். அது கடலோரம். நம்முடையது நாமக்கல் மாவட்டம். 1997-க்கு முன்னால் சேலம் மாவட்டம். இந்த வழியாகச் சேலம்–கரூர் ரயில் 2013-லிருந்து ஓடினாலும், பஸ்தான் உத்தமம்.

அதிலும் பாயிண்ட் டு பாயிண்ட் வண்டியில் ஏறாதீர்கள், நாமக்கல்லில்தான் இறக்கிவிடுவான். எல்லா ஸ்டாப்பிலும் நிற்கிற வண்டியாகப் பார்த்து ஏறினால் மல்லூர், ஆண்டகளூர்கேட் தாண்டி ஒரு மணி நேரம் போல ஆகும். சாலை தேசிய நெடுஞ்சாலை 44. ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிற அதே சாலை. பழைய ஆட்கள் இன்னும் 'என்.எச். ஏழு' என்றுதான் சொல்கிறார்கள்.

இறங்கினால் என்ன தெரியும்? மேம்பாலம், அதன் கீழே டீக்கடை, பேக்கரி, உரக்கடை, சொட்டுநீர்க் குழாய் விற்கும் கடை, டயர் கடை. ஊராட்சி ஒன்றிய அலுவலகம், போலீஸ் ஸ்டேஷன். பாச்சல் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளின் மஞ்சள் பஸ்கள். கிழக்கே பார்த்தால் நீலமாகக் கொல்லிமலை படுத்திருக்கும். ஊர் இவ்வளவுதானா என்றால், ரோட்டோரம் இவ்வளவுதான். உள்ளே போகிற கிராமச் சாலை ஏதாவது ஒன்றில் ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும்.

குச்சியை நட்டால் கிழங்கு

தை மாதம் போனது நல்லதாகப் போயிற்று. ஒரு பக்கம் கிழங்கு பிடுங்குகிறார்கள், இன்னொரு பக்கம் புதிதாக நடுகிறார்கள். மரவள்ளியை இந்தப் பக்கம் குச்சிக்கிழங்கு என்பார்கள். முற்றிய தண்டை ஒரு சாண் துண்டாக வெட்டி மண்ணில் செருகினால் முளைத்துவிடும். ஒன்பது, பத்து மாதத்தில் ஆள் உயரம் தாண்டி, கை விரித்த மாதிரி இலையோடு நிற்கும். செம்மண், சொட்டுநீர், வரப்பில் வேம்பு, தூரத்தில் இரண்டு பனை. வண்டி வண்டியாகக் கிழங்கு ஏறிக்கொண்டிருந்தது.

வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தவனைக் காட்டுக்காரப் பெரியவர் விடவில்லை.

"ஏனுங் தம்பி, ஆபீசருங்களா?"

"இல்லைங்கய்யா, சும்மா பார்க்க வந்தேன்."

"கிழங்க பார்க்கறதுக்கா?"

அவருக்குச் சிரிப்பு. ஆனால் அதன் பிறகு அவரே ஒரு பல்கலைக்கழகம் ஆகிவிட்டார். இது முள்ளுவாடி, அது குங்கும ரோஸ், அந்தக் கடைசியில் நிற்பது தாய்லாந்து ரகம் என்று காட்டினார். ஆலைக்காரர்கள் கிழங்கில் எத்தனை பாயிண்ட் மாவு இருக்கிறது என்று பார்த்துத்தான் விலை போடுவார்களாம். வெறும் எடை போதாது. மழை பெய்து கிழங்கில் தண்ணீர் கோத்துக்கொண்டால் பாயிண்ட் இறங்கும், பாயிண்ட் இறங்கினால் காசு இறங்கும். அறுத்த கிழங்கை வைத்திருக்கவும் முடியாது, இரண்டு மூன்று நாளில் உள்ளே கறுத்துவிடும். அதனால் சொன்ன விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். "நெல்லுன்னா வூட்ல கொட்டி வெச்சு விலை ஏறட்டும்னு பார்க்கலாங்க. இதைப் புடுங்கறதுக்கு முன்னாடி வரைக்கும்தான் நம்ம கிழங்கு" என்றார். இந்த ஊரின் பொருளாதாரமே அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

தழையை ஆடு மேய விடமாட்டார்களாம், செத்துப்போகும். உண்மைதான். மரவள்ளியின் இலையிலும் தோலிலும் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. திசு நசுங்கும்போது அதிலிருந்து சயனைடு வெளிவரும்.

"இது பிரேசில் பக்கத்துச் செடிங்கய்யா" என்று சொன்னேன்.

"எங்க அப்பிச்சி காலத்துல இருந்து இந்தக் காட்டுல இருக்குதுங்க. அப்புறம் எப்படி வேற ஊராகும்?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

ஆனாலும் கதை இதுதான். 1999-ல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று, உலகத்து மரவள்ளி எல்லாவற்றுக்கும் மூதாதையான காட்டுச்செடி எங்கே இருக்கிறது என்று தேடியது. அமேசானின் தெற்கு விளிம்பில், மழைக்காடு முடிந்து செராடோ தொடங்குகிற இடைநிலத்தில் போய் நின்றது அந்தத் தேடல். அங்கே பழங்குடிகள் பல ஆயிரம் வருடங்களுக்கு முன்பே அதைப் பயிராக்கிவிட்டார்கள். போர்த்துகீசியர் வழியாக அது கேரளக் கரைக்கு வந்தது. திருவிதாங்கூரில் 1880-களின் தொடக்கத்தில் ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, பஞ்சத்துக்கு உதவும் பயிர் என்று மக்களிடையே பரப்பினார். அங்கே அது கப்பையாகி மீன்குழம்போடு சேர்ந்தது. மலை தாண்டிச் சேலத்துக்கு வந்த பிறகு அதன் தலையெழுத்து மாறிவிட்டது.

சேகோ ஆலை

சேகோ ஆலையைக் கண்டுபிடிக்க யாரிடமும் வழி கேட்க வேண்டாம், மூக்கு போதும். புளித்த மாவு வாசனை காற்றில் வரும். நான் போன ஆலையில் உள்ளே விட்டார்கள். முதலாளி வெளியூர், மேஸ்திரி மட்டும் இருந்தார்.

கிழங்கு முதலில் தோல் உரிந்து, கழுவி, அரவைக்குப் போகிறது. அரைத்த பாலைச் சல்லடையில் வடிகட்டுகிறார்கள். மேலே நிற்கும் சக்கைக்குத் திப்பி என்று பெயர், காய்ந்ததும் மாட்டுத் தீவனத்துக்குப் போகும். கீழே இறங்கும் பால் தொட்டியில் தேங்கி, மாவு அடியில் படிகிறது. அந்த ஈர மாவை உடைத்து, துணித் தூளியில் போட்டு ஆட்டினால் அது தானாகவே மணி மணியாகத் திரள்கிறது. இதைப் பார்த்தபோது கொஞ்சம் வாய் பிளந்தேன். அச்சும் இல்லை, துளையும் இல்லை, வெறும் ஆட்டம்தான். சலித்து அளவு பிரித்து, சூடான தகட்டில் வறுக்கிறார்கள். மேல்மாவு மட்டும் வெந்து மணிக்கு ஒரு தோல் கட்டிவிடும். பிறகு வெயில்.

ஆலைக்கு வெளியே சிமென்ட் களம், ஏக்கர் கணக்கில். அதில் வெள்ளை வெளேரென்று ஜவ்வரிசி. பெண்கள் வரிசையாகக் காலால் கோதிக்கொண்டே நடக்கிறார்கள். கூசுகிற வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க முடியவில்லை. "ஐப்பசி, கார்த்திகையில மூட்டம் போட்டுருச்சுன்னா எல்லாம் நின்னு போயிரும் சார். இந்த வெயிலுதான் எங்களுக்கு மெஷினு" என்றார் மேஸ்திரி. நான் குடை தேடிய வெயிலைத்தான் சொன்னார்.

இந்தத் தொழில் இங்கே வந்ததே ஒரு யுத்தத்தால். அசல் சேகோ என்பது தென்கிழக்காசியாவில் ஒரு வகைப் பனைமரத்துச் சோற்றிலிருந்து எடுப்பது. இரண்டாம் உலகப்போரில் கப்பல் நின்றுபோக, சரக்கும் நின்றுபோனது. 1943-ல் சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியார், பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷா என்பவரின் தொழிலறிவோடு, மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்து பார்த்தார். அதுதான் தொடக்கம். 1981-ல் உற்பத்தியாளர்கள் கூடி 'சேகோசர்வ்' என்ற கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். ஏலம் இன்றும் சேலத்தில் அதன் வழியாக நடக்கிறது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இவ்வளவையும் யார் சாப்பிடுகிறார்கள்? நாம் இல்லை. நமக்கு எப்போதாவது பாயசம், வெயில் காலத்தில் வடகம். மூட்டைகள் மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், குஜராத் என்று வடக்கே போகின்றன. ஏகாதசிக்கும் நவராத்திரிக்கும் தானியம் விலக்கி விரதம் இருப்பவர்களுக்குச் சாபுதானா கிச்சடி வேண்டும். அந்தக் கிச்சடியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஜவ்வரிசி, நிலக்கடலை, பச்சை மிளகாய், உருளைக்கிழங்கு. நான்குமே அமெரிக்கக் கண்டங்களிலிருந்து கப்பலேறி வந்த செடிகள். நம் நாட்டின் மிக ஆசாரமான தட்டு அது.

செராடோவில் இதே மாவை என்ன செய்கிறார்கள் தெரியுமா? மீனாஸ் ஜெராய்ஸ், கோயாஸ் மாநிலங்களில் மரவள்ளி மாவோடு பாலாடைக்கட்டி பிசைந்து உருண்டை பிடித்துச் சுடுகிறார்கள். 'பாவ் டி கேஜோ' என்று பெயர். காலையில் காபிக்கு அதுதான். சக்கையோடு வறுத்த கரகரப்பான பொடியைச் சோற்றின் மேல் தூவிக்கொள்கிறார்கள். பழங்குடிகள் கசப்புக் கிழங்கைத் துருவி, ஓலையில் பின்னிய நீண்ட குழாயில் இட்டுப் பிழிந்து, நஞ்சுச் சாற்றை வடித்து, வறுத்துச் சாப்பிடக் கற்றுக்கொண்டதன் தொடர்ச்சி இது. துருவு, பிழி, தேக்கு, வறு. சேகோ ஆலை மின்சாரம் போட்டுச் செய்வதும் அதே நான்கு வேலைதான்.

எல்லாம் இனிப்பு இல்லை. கழிவுநீர் போகிற இடத்தில் கிணறு கெட்டுப்போனது என்று புகார் சொல்லாத கிராமம் இந்தப் பக்கம் குறைவு. பல ஆலைகள் இப்போது கழிவிலிருந்து எரிவாயு எடுத்து அடுப்புக்கே பயன்படுத்துகின்றன. சில இடங்களில் மக்காச்சோள மாவைக் கலப்பதும் வெளுக்க ரசாயனம் போடுவதும் நடக்கிறது. அந்தக் கலப்படத்தால் கிழங்கு விலை இறங்குகிறது என்பது விவசாயிகளின் பழைய கோபம்.

பூச்சி வந்தது, குளவியும் வந்தது

பெரியவர் ஒரு செடியின் நுனியைப் பிடித்துக் காட்டினார். இலைகள் சுருண்டு கொத்தாக இருந்தன, அடியில் வெள்ளைப் பொடி. மாவுப்பூச்சி. "ரெண்டு மூணு வருஷம் காட்டையே சுருட்டிப் போட்டிருச்சுங்க. இப்பக் கொஞ்சம் பரவால்லை" என்றார்.

அந்தப் பூச்சியும் செடியின் சொந்த ஊர்க்காரன்தான். பராகுவே, பொலிவியா, அதை ஒட்டிய பிரேசிலின் மாட்டோ க்ரோசோ டோ சுல் பகுதி அதன் பூர்வீகம். 1970-களில் ஆப்பிரிக்காவுக்குப் போய் மரவள்ளியை நம்பி வாழும் நாடுகளைக் கலங்கடித்தது. பூச்சியின் ஊரில் அதை அடக்கி வைத்திருப்பது யார் என்று தேடியவர்கள், 1981-ல் பராகுவேயில் ஒரு குட்டிக் குளவியைக் கண்டார்கள். 'அனாகைரஸ் லோபெசி' என்று பெயர், எறும்பைவிடச் சிறியது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். வெளிவரும் புழு பூச்சியை உள்ளிருந்தே தின்று கூடாக்கிவிடும். அதை ஆப்பிரிக்கா முழுக்கப் பரப்பிய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

2020-ல் அந்தப் பூச்சி கேரளத்தில் தென்பட்டது. சீக்கிரமே சேலம், நாமக்கல் காடுகளுக்கு வந்துவிட்டது. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள ஆய்வு மையம், ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அதே குளவியைத் தருவித்து வளர்த்தது. 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் முதன்முதலாக வயலில் விட்டார்கள். செடி வந்து நூறு வருடத்துக்கு மேல் கழித்துப் பூச்சி வந்தது, பூச்சியின் பின்னாலேயே அதன் எமன் வந்தது. பெரியவருக்கு இந்தக் குளவிக் கதை பிடித்திருந்தது. "பாஸ்போர்ட் இல்லாம எல்லாரும் வந்துட்டாங்க, நீங்கதான் போக முடியலைங்கறீங்க" என்று ஒரே போடாகப் போட்டார்.

போன மாடு

இங்கிருந்து அங்கே போனது எதுவும் இல்லையா? இருக்கிறது. அதைப் பார்க்கப் புதுச்சத்திரத்திலிருந்து நாமக்கல் பக்கம் கொஞ்ச தூரத்தில் இருக்கும் புதன்சந்தைக்குப் போனேன். மாட்டுச்சந்தை கூடுவது செவ்வாய்க்கிழமை. திங்கள் சாயங்காலமே மாடுகள் வந்து இறங்கத் தொடங்கிவிடும். கேரள வியாபாரிகள் வண்டியோடு வந்து காத்திருப்பார்கள்.

சந்தையில் சத்தம் அதிகம், விலை மட்டும் காதில் விழாது. தரகரும் வாங்குபவரும் ஒரு துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்துப் பேசிக்கொள்கிறார்கள். முகத்தில் ஒன்றும் தெரியாது. நான் ரொம்ப நேரம் ஒரு துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். துண்டு விலகியதும் மாட்டுக் கயிறு கை மாறியது. என்ன விலை என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டேன். "அது அவங்க ரெண்டு பேருக்கும்தானுங்க தெரியும்" என்றார்.

நிற்பவை பெரும்பாலும் சிந்து, கருப்பு வெள்ளை எச்.எஃப்., எருமை, அடிமாடு, கன்றுக்குட்டி. கறவைக்கு ஐரோப்பிய ரத்தம் கலந்த மாடுகளை நாம் தேடிக்கொண்டிருக்க, நம் திமில் மாடுகளைத் தேடி எடுத்துப் போனவர்கள் பிரேசில்காரர்கள். ஆந்திரத்து ஓங்கோல் மாடு அங்கே போய் 'நெலோர்' ஆனது. நெல்லூர்தான் அது. குஜராத்தின் கிர், காங்ரேஜ் மாடுகளும் போயின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கி 1960-களின் தொடக்கம் வரை கப்பல் கப்பலாக ஏற்றினார்கள். வெயில் தாங்கும், உண்ணி தாங்கும், காய்ந்த புல்லில் பிழைக்கும். செராடோவுக்கு வேறென்ன வேண்டும்? இன்று பிரேசிலில் இறைச்சிக்கு வளர்க்கும் மாடுகளில் பெரும்பகுதி நெலோர் ரத்தம். செராடோ மேட்டில் இருக்கும் உபெராபா என்ற ஊரில் வருடாவருடம் திமில் மாட்டுக் கண்காட்சி நடக்கிறது. ஓங்கோல் இனம் பிறந்த மண்ணில் அது அருகிக்கொண்டிருக்கிறது, போன இடத்தில் கோடிக்கணக்கில் மேய்கிறது.

கோழி, மக்காச்சோளம், ஒரு கணக்கு

புதுச்சத்திரம் சுற்றுவட்டாரத்தில் நடந்தால் ரயில் பெட்டி நீளத்துக்குக் கோழிக் கொட்டகைகள் தென்படும். தூண் மேல் தூக்கிக் கட்டிய கொட்டகை, கம்பிக்கூண்டு அடுக்கு, சரிவில் உருண்டு வந்து நிற்கும் முட்டை. நாமக்கல் முட்டை நம் சத்துணவுத் தட்டிலிருந்து வளைகுடா நாடு வரை போகிறது. முட்டை விலையை இந்த மண்டலம் அறிவிக்கும்போது மாநிலமே கவனிக்கும். இந்தக் கோழிகளுக்குத் தீனி மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும். சோயா பெரும்பாலும் மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரத்திலிருந்து வருகிறது.

செராடோவின் கதையும் இந்த இரண்டு பயிரில்தான் திரும்பியது. புளித்த மண், ஒன்றும் விளையாது என்று விட்டிருந்த நிலத்தில் 1970-களில் சுண்ணாம்பும் பாஸ்பேட்டும் கொட்டி, வெப்பநாட்டுக்கு ஏற்ற சோயா ரகங்களை உருவாக்கினார்கள். 1973-ல் தொடங்கிய 'எம்ப்ராபா' என்ற அரசு ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அதில் பெரிய பங்கு. அந்த வேலைக்காக 2006-ல் மூன்று பேருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. இன்று சோயாவிலும் கோழிக்கறி ஏற்றுமதியிலும் பிரேசில் உலகில் முதலிடம். அதற்குக் கொடுத்த விலை, செராடோவின் இயற்கைத் தாவரங்களில் கிட்டத்தட்ட பாதி.

காலி நிலம், ஒன்றுமில்லாத நிலம் என்று யாராவது ஒரு நிலத்தைச் சொன்னால் எனக்கு இப்போது பயம் வருகிறது. புல்லும் முள்ளும் நிற்கிற மேய்ச்சல் நிலத்தை நாமும் தரிசு என்று எழுதிப் பழகிவிட்டோம். தரிசு என்று எழுதிய அடுத்த வரியில் கல்குவாரி, மனைப்பிரிவு, சோலார் பலகை என்று ஏதாவது ஒன்று வந்துவிடுகிறது. ஊருக்கும் இதே நியாயம்தான். பார்க்க ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டிவிட்டால் அங்கே எது வந்தாலும், எது போனாலும் யாரும் கேட்கமாட்டார்கள்.

நைனாமலை

சாயங்காலம் நைனாமலை ஏறினேன். சேந்தமங்கலம் பக்கம், சமவெளியில் தனியாக நிமிர்ந்து நிற்கும் மலை. உச்சியில் வரதராஜப் பெருமாள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஆள் மேல் ஆள் ஏறும். மற்ற நாட்களில் நீங்களும் குரங்கும்தான். படிகள் செங்குத்து, முட்டி கேள்வி கேட்கும். தண்ணீர் எடுத்துப்போங்கள், மேலே கடை கிடையாது என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

மேலே நின்றால் அன்று முழுக்கப் பார்த்தது எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கிறது. பச்சையாகக் கிழங்குக் காடு, வெள்ளைச் சதுரங்களாகக் காயும் களம், தகரக் கோடுகளாகக் கோழிக் கொட்டகை, நடுவில் நூல் பிடித்தது போல நெடுஞ்சாலை. கீழே நடக்கும்போது இவை தனித்தனித் தொழில்கள். மேலிருந்து பார்த்தால் திப்பி மாட்டுக்குப் போகிறது, கோழி எரு கிழங்குக்குப் போகிறது, எல்லாமும் சேர்ந்து லாரிக்குப் போகிறது என்று புரிகிறது.

போக நினைப்பவர்களுக்கு

திங்கள் இரவு நாமக்கல்லில் தங்குங்கள். செவ்வாய் விடியற்காலையில் புதன்சந்தை. வெயில் ஏறியதும் சேகோ களம், ஆனால் ஆலையில் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். காலணியோடு காயும் ஜவ்வரிசி மேல் கால் வைத்துவிடாதீர்கள், அது யாரோ சாப்பிடப்போவது. படம் எடுக்கும் முன் வேலை செய்யும் பெண்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மதியம் பள்ளிபாளையம் சிக்கன் கிடைத்தால் விடாதீர்கள். வரமிளகாயும் தேங்காய்ச் சில்லும்தான் அதில் எல்லாம். யாராவது குச்சிக்கிழங்கு அவித்துக் கொடுத்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். உப்பும் மஞ்சளும் போட்டு வெந்த கிழங்கு, தொட்டுக்கொள்ள நாட்டுச் சர்க்கரையோ மிளகாய்ப் பொடியோ. கோயாஸ் பக்கம் வெண்ணெய் தடவித் தருவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

தை, மாசி நல்ல மாதம். சித்திரையில் போனால் வெயில் உங்களையும் சேர்த்துக் காயவைத்துவிடும்.

ஒரு இடத்தைப் பார்ப்பதற்கு நான் வைத்திருக்கும் முறை இப்போது இதுதான்: அங்கே விளைகிற ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு, எங்கிருந்து வந்தாய், எங்கே போகிறாய் என்று அதன் பின்னாலேயே நடப்பது. அடுத்து ராசிபுரத்தில் பட்டுக்கூடு ஏலம் பார்க்க வேண்டும். திருச்செங்கோட்டில் ஆப்பிரிக்கா வரை போய்க் கிணறு தோண்டிவிட்டு வரும் ரிக் வண்டிக்காரர் ஒருவரைப் பிடித்துப் பேச வேண்டும். உங்கள் பக்கம் இப்படி ஓர் ஊர் இருந்தால் சொல்லுங்கள், வருகிறேன். ஒரே ஒரு நிபந்தனை. பார்க்க ஒன்றும் இல்லை என்று உள்ளூர்க்காரர் யாராவது சத்தியம் செய்ய வேண்டும்.